தொட்டியில் பால் இல்லையா?

ஜன்னலை மூடச் சொல்லாதீர்கள், தம்பி. மூட மாட்டேன். காற்று வேண்டும். பையை அந்தக் கம்பி மேலே வையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு இடிக்க வேண்டாம். ம். அப்படித்தான்.

கோயமுத்தூரா? நானும் அங்கேதான்.

போன் அடித்தால் அடிக்கட்டும். கண்டுகொள்ளாதீர்கள். நீங்கள் ஏறுவதற்கு முன்னாலிருந்தே அடிக்கிறது. யார் என்று தெரியும். பூவாத்தாள். எதற்கு என்றும் தெரியும். நன்றி சொல்ல. எனக்கு அது ஆகாது. ஒருத்தருக்கு ஒரு காரியம் செய்தோமா, முடிந்ததா, கிளம்பினோமா. அதற்குப் பிறகு அரைமணி நேரம் "நீங்க இல்லீன்னா நான் என்னங்க ஆயிருப்பேன்" என்று அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

என்ன காரியமா?

கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். புளியம்பட்டி வருவதற்குள் முடிந்துவிடும். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. வீட்டில் கேட்டுப் பாருங்கள். "சாப்பிடலையா?" என்பாள் என் மனைவி. "ம்" என்பேன். சிலநாள் தட்டு வரும். சிலநாள் வராது. அதற்கு மேல் என்ன பேச?

சத்தியமங்கலத்துக்கு வெளியே ஒரு பால் கம்பெனி இருக்கிறது. பேர் எதற்கு உங்களுக்கு. சுற்றுவட்டாரத்து ஊர்ப் பாலெல்லாம் அங்கே வரும். பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டி. பாலைக் குளிர வைத்து, பிறகு லாரியில் ஏற்றுவார்கள். தொட்டி காலியானால் உள்ளே கழுவ வேண்டும். ஆள் இறங்கித் தேய்க்கிற வேலை இல்லை. காஸ்டிக் சோடா கலந்த சுடுதண்ணி குழாய் வழியாக வந்து பீச்சியடிக்கும். எல்லாம் கம்ப்யூட்டர். திரையில் தொட்டால் போதும். அந்தத் திரையை எழுதியவன் நான்.

நான் என்றால், நானும் மெஹருன்னிசாவும். இரண்டே பேர். ராம்நகரில் மாடி அறை ஒன்று. பின்னால் இயந்திரத்தோடு பேசுகிற வேலை எனக்கு. முன்னால் மனுஷனோடு பேசுகிற வேலை அவளுக்கு. அவளும் பேசுவாள். அப்பா, பேசுவாள்! திரை வரைகிறேன் என்று பால் கம்பெனிக்குப் போய் அங்கேயே வாரக்கணக்கில் உட்கார்ந்துவிடுவாள். அந்தப் பெண்களோடு சேர்ந்து டீ குடிப்பது, அவர்கள் வீட்டு வளைகாப்புக்குப் போவது. கேட்டால், "அவங்க என்ன வார்த்தையில பேசறாங்கன்னு தெரியணும் சார்" என்பாள். என்ன வார்த்தை? தமிழ்தான். எனக்குத் தெரியாத தமிழா?

இப்போது கவனியுங்கள், இதுதான் விஷயம்.

கம்ப்யூட்டர் ஆபத்தான காரியம் எதையும் செய்வதற்கு முன்னால் ஒரு தடவை கேட்கும். பார்த்திருப்பீர்கள். சின்னதாக ஒரு பெட்டி வரும். "அழிக்கட்டுமா?" ஆம், இல்லை. அவ்வளவுதான். நாங்கள் திரை வரைய வைத்திருந்த டூல்கிட்டிலேயே அது தயாராக இருக்கிறது. மெசேஜ் பாக்ஸ் என்று பேர். ஒரு வரி எழுதினால் போதும். கேள்வியை மட்டும் கொடுத்தால், ஆம் இல்லை இரண்டு பட்டனையும் அதுவே போட்டுக்கொள்ளும்.

மெஹர் அதைத் தொடமாட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக ஒரு ஜன்னல் வரைவாள். தொட்டி கழுவுகிறதுக்கு அவள் செய்து வைத்திருந்ததைக் கேளுங்கள். மேலே தொட்டிப் படம். கீழே, "இரண்டாம் தொட்டியைக் கழுவப் போகிறோம். உள்ளே பால் இருந்தால் கெட்டுவிடும்." அதற்குக் கீழே இரண்டு பட்டன். ஒன்றில், "தொட்டி காலி, கழுவு." இன்னொன்றில், "பால் இருக்கு, தொடாதே."

தொடாதே! பட்டனில் எழுதுகிற வார்த்தையா அது? சமையலறையில் குழந்தையை விரட்டுகிற மாதிரி.

தொட்டியில் பால் இருப்பது கம்ப்யூட்டருக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். மட்டம் காட்டுகிற கருவி ஒன்று இருந்தது. கெட்டுப்போய்விட்டது. மாற்றச் சொல்லி நான் கம்பெனிக்காரனிடம் சொன்னேன், அவன் ஆகட்டும் என்றான். ஆகவில்லை. அதனால்தான் மனுஷனைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதோ பாருங்கள், திரும்ப அடிக்கிறது. அடிக்கட்டும். சிவப்பைத் தொட்டால் நின்றுவிடும். பார்த்தீர்களா, நின்றுவிட்டது. பச்சை, சிவப்பு. யாருக்காவது இதில் குழப்பம் வருகிறதா?

போன வருஷம் டூல்கிட் புதுசாக வந்தது. பழையதில் கோளாறு வந்தால் இனி பார்க்கமாட்டோம் என்று அதைச் செய்தவர்கள் சொல்லிவிட்டார்கள். மாற்றினேன். மாற்றியதும் மெஹர் வரைந்த ஜன்னல் எல்லாம் கோணிக்கொண்டது. எழுத்து பாதி காணவில்லை. பட்டன் ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறது. ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உட்கார்ந்தாள். நாட்கணக்கில் ஆகும் என்றாள். நான் சொன்னேன், எல்லாவற்றையும் தூக்கிப் போடு, மெசேஜ் பாக்ஸ் வை.

"சார், ஆமா இல்லைன்னு மட்டும் வெச்சா தப்பா அமுக்குவாங்க."

"உலகம் பூரா அதைத்தான் வெச்சிருக்கான்."

"உலகம் பூரா வேற பாஷை சார். நம்ம பாஷையில இல்லைங்கறதுக்கு..."

"முடியுமா, முடியாதா?"

நான் எப்போதும் அப்படித்தான் கேட்பேன், முடியுமா முடியாதா. நேரம் மிச்சம்.

"முடியாது சார்" என்றாள்.

அன்றைக்கே நான் உட்கார்ந்து செய்தேன். காபி ஆறுவதற்குள் என்று சொல்லமாட்டேன், மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்தேன். அவள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த இடத்தில் ஒரே ஒரு வரி. பார்க்கவே சுத்தமாக இருந்தது. கேள்வியையும் வெட்டிச் சுருக்கினேன். பெட்டி சின்னது. நீட்டி முழக்கினால் மடிந்து அசிங்கமாகத் தெரியும். கடைசியில் தொட்டிக்கு என்ன வைத்தேன் தெரியுமா? "இரண்டாம் தொட்டி. பால் இல்லையா?" ஆம். இல்லை. எவ்வளவு லட்சணம்!

பால் இல்லையென்றால் ஆம். கழுவும். பால் இருந்தால் இல்லை. நிற்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

புரிகிறதா உங்களுக்கு?

ஏன் யோசிக்கிறீர்கள்?

சரி, விடுங்கள்.

மெஹர் அந்த மாதமே போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. "நீங்க அவங்களைக் கேக்கல சார், அமுக்கத்தான் சொல்றீங்க" என்றாள். போகிற போக்கில். இப்போது சொந்தமாக ஏதோ செய்கிறாளாம். நல்லா இருக்கட்டும்.

அந்தப் பால் கம்பெனியில் கழுவுகிற பிரிவில் வேலை செய்கிறவள்தான் இந்தப் பூவாத்தாள். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். பத்தாவது படித்தவள். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அங்கேதான் வேலை. அவளைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அவள் கழுவிய தொட்டியில் முகம் பார்க்கலாம் என்பான் மேனேஜரே.

நான் மாற்றிய புதிதில் அவளிடமிருந்துதான் போன். "ஏனுங்கய்யா, தொட்டி கழுவ மாட்டேங்குதுங்க."

"என்ன வருது?"

"பால் இல்லையான்னு கேக்குதுங்க. இல்லைன்னு அமுக்கறேனுங்க. நின்னு போயிருதுங்க."

"ஆம் அமுக்கு."

"பால் இல்லீங்களே ஐயா, எப்படிங்க ஆமாங்கறது?"

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். வேலை தலைக்கு மேலே. "எது கேட்டாலும் ஆம் அமுக்கும்மா" என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை. கற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். இதுதான் நான் சொல்வது. மெஹர் மாதிரி வளைகாப்புக்குப் போகத் தேவையில்லை. ஒரு போன் போதும்.

இந்தச் சித்திரையில்தான் அது நடந்தது.

மூன்றாம் தொட்டி காலி. இரண்டாம் தொட்டி நிறையப் பால், காலையில் வந்தது. பூவாத்தாள் மூன்றைத் தொடுவதற்குப் பதில் இரண்டைத் தொட்டுவிட்டாள். கை ஈரம், வழுக்கியது என்கிறாள். அது யாருக்கும் நடக்கும். அதற்குத்தானே பெட்டி? பெட்டி வந்தது. "இரண்டாம் தொட்டி. பால் இல்லையா?" அவளும் படித்திருக்கிறாள். அவளே சொன்னாள் இன்றைக்கு. "ஐயோ ரெண்டுல பால் இருக்குதேன்னு பதறிப் போச்சுங்க. பால் இல்லையான்னு கேக்குது. ஆமா, பால்தான், பால் இருக்குதுன்னு ஆம் அமுக்கிட்டேனுங்க."

அவ்வளவுதான். காஸ்டிக் தண்ணீர் உள்ளே போய்விட்டது. நிறுத்துவதற்குள் எல்லாம் கெட்டது. மொத்தத்தையும் திறந்துவிட்டார்கள். பின்னால் சாக்கடையில் வெள்ளையாக ஓடியதாம். ஊர் நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டதாம்.

சஸ்பென்ட் செய்துவிட்டார்கள். அஜாக்கிரதை என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போய்விடும்.

வேலை போனால் இன்னொரு வேலை. அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் கொட்டிய பால் யாருடையது? அவள் ஊர்க்காரர்களுடையது. பக்கத்து வீட்டு மாட்டுப் பால். தெருவில் போனால், "பாலைக் கொட்டுனவ போறா பாரு" என்கிறார்களாம். குழாயடியில் ஒருத்தி கேட்டாளாம், "ஏன் பூவாத்தா, உங்க வீட்டுல காப்பிக்குப் பால் இல்லையா? ஆமான்னு சொல்லு, இல்லைன்னு சொல்லு." எல்லோரும் சிரித்தார்களாம். குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாளாம்.

அவளும் அவள் வீட்டுக்காரரும் என்னைத் தேடிக்கொண்டு கோயமுத்தூருக்கே வந்துவிட்டார்கள். உட்காரு என்றால் உட்காரவில்லை. "விசாரணைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. திரையை எழுதுனவரே சொன்னா கேப்பாங்க. தப்பு என்மேல இல்லை, மிஷின் கேட்ட கேள்விதான் அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை. இந்த ஊருல தலை நிமிந்து நடந்தாப் போதுங்கய்யா எனக்கு."

அவள் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்து அமுக்கினாள். "நீங்க சும்மா இருங்க" என்றாள். என்ன சொல்ல வந்தாரோ.

வருகிறேன் என்றேன். ஏன் வரக்கூடாது? கேள்வி அப்படி அமைந்துபோனது உண்மைதானே. என் தப்பு இல்லை அது. அந்த டூல்கிட்டில் பட்டனுக்கு இரண்டே வார்த்தை. நான் என்ன செய்ய? தப்பு மென்பொருளில். சொல்லிவிட்டு வருவோம் என்று கிளம்பினேன். இந்த வெயிலில். மூட்டுவலியோடு.

புளியம்பட்டி வந்துவிட்டதா? வரட்டும். முடிந்தது, இன்னும் கொஞ்சம்தான். முறுக்கா? வேண்டாம். பல் இல்லை.

விசாரணை இன்றைக்குப் பதினோரு மணிக்கு. கம்பெனியில் ஒரு அறை. விசாரணை அதிகாரி வெளியூர் வக்கீல். நல்ல மனுஷன். எனக்குப் பிடித்த மாதிரி மனுஷன். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார், "பெரியவரே, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ஆமா, இல்லை. கதை வேண்டாம். எனக்கு இன்னும் மூணு சாட்சி இருக்கு." எனக்குச் சந்தோஷம். பக்கத்தில் ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டிருந்தது. பூவாத்தாள் மூலையில் ஒரு நாற்காலியில். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"இந்த மென்பொருளை எழுதியது நீங்கதானே?"

"ஆமா."

"சம்பவம் நடந்த அன்னைக்கு அது ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்ததா?"

"ஆமா."

"கழுவறதுக்கு முன்னால திரையில எச்சரிக்கைக் கேள்வி வந்ததா?"

"ஆமா."

"அப்போ மென்பொருள்ல தவறு இல்லை, இல்லையா?"

நான் சொன்னேன், "இல்லை."

எப்படி? ஒரே வார்த்தையில் உடைத்துவிட்டேன். நீ சொல்வது சரியில்லை, தவறு இல்லை என்று சொல்லாதே, அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இல்லை.

"நன்றி" என்றார். முடிந்தது. பூவாத்தாளைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. எழுந்து ஏதோ பேச வந்தாள். "நீங்க உக்காருங்கம்மா, உங்க முறை முடிஞ்சுது" என்றார் அதிகாரி. நன்றியைக்கூடச் சொல்ல விடவில்லை பாவம். டைப் அடித்த பெண் காகிதத்தை நீட்டியது. "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்." படிக்க என்ன இருக்கிறது, நான் சொன்னது எனக்குத் தெரியாதா? போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இப்போது சொல்லுங்கள். மெஹராக இருந்தால் அங்கே ஒரு பிரசங்கம் நடத்தியிருப்பாள். நான் ஒரு வார்த்தையில் முடித்தேன். அந்தப் பெண்ணும் ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

இந்த போன். விடமாட்டாள் போலிருக்கிறது. சரி, எடுத்துத் தொலைக்கிறேன். காது சரியாகக் கேட்காது, ஸ்பீக்கரில் போடுகிறேன். நீங்களும் கேளுங்கள், எவ்வளவு நீளம் போகிறது என்று.

"ம். சொல்லு."

"ஐயா... பஸ்ஸுல இருக்கீங்களா?"

"ம்."

"கோவிச்சுக்காதீங்கய்யா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வெச்சர்றேனுங்க. தப்பு இல்லைன்னு சொல்லிட்டீங்களே. ஏனுங்கய்யா?"

"யார் சொன்னது?"

"நீங்கதானுங்க. ஆபீசர் படிச்சுக் காட்டுனாருங்க. 'மென்பொருளில் தவறு இல்லை என்று அதை எழுதியவரே கூறினார்'னு. கீழ உங்க கையெழுத்து இருக்குதுங்க."

"நான் இல்லைன்னுதான் சொன்னேன்."

"அதையேதானுங்க நானும் சொல்றேன்."

"இல்லைன்னா... ஏம்மா, இல்லைன்னா இல்லைன்னு அர்த்தம்!"

"ஆமாங்கய்யா. இல்லைன்னுதான் எழுதியிருக்குதுங்க."

கேட்டீர்களா, தம்பி? இவளோடு எப்படிப் பேசுவது?

"ஐயா, இருக்கீங்களா? போன்ல நீங்க அன்னைக்கு எது கேட்டாலும் ஆம் அமுக்கும்மான்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்குதுங்களா? அதைப் பத்தி நான் இன்னைக்கு வாயத் தொறக்கலீங்க. எங்க வீட்டுக்காரரு சொல்லு சொல்லுன்னு அடிச்சுக்கிட்டாரு. வயசான மனுசரு, நமக்குன்னு அவ்வளவு தூரம் பஸ் ஏறி வர்றாரு, அவரைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேனுங்க."

இருங்கள், தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறேன்.

"சாயங்காலம் வரைக்கும் ஆபீசர் இருப்பாருங்க. அப்புறம் எழுதி முடிச்சுருவாருங்க. தப்பு இல்லைன்னு நீங்க சொல்லலீங்கதானே ஐயா? அதை மட்டும் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

தம்பி, இதற்கு என்ன சொல்வது?

இல்லை, கேட்கிறேன், நீங்களே சொல்லுங்கள். ஆமா என்றால், ஆமா, சொன்னேன் என்று ஆகிவிடும். ஆமா, சொல்லவில்லை என்றும் ஆகும். இல்லை என்றால் சொல்லவில்லை என்று ஆகும். இல்லை, சொன்னேன் என்றும்...

"ம்."

"சரிங்கய்யா. பாத்துப் போயிட்டு வாங்க."

வைத்துவிட்டாள்.

என்ன இப்படிக் கேள்வி கேட்கிறார்கள்! தப்பு இல்லைன்னு சொல்லலைதானே! மனுஷன் பேசுகிற பேச்சா இது? நேராகக் கேட்க வேண்டும். தவறு இருக்கிறதா என்று கேட்டிருந்தால் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அந்த வக்கீல் தவறு இல்லை, இல்லையா என்று கேட்டால்? படித்தவன்தானே? கேள்வி கேட்கிறதுதானே அவன் தொழில்? எதிரே இருக்கிறவனிடம் இரண்டு வார்த்தையைக் கொடுத்துவிட்டு, இதில் ஒன்றை எடு என்றால் அவன் எதை எடுப்பான்? நான் சொல்ல நினைத்தது அந்த இரண்டிலும் இல்லையே!

என்ன பார்க்கிறீர்கள்?

டைப் அடித்த பெண்ணாவது கேட்டிருக்கலாம். சார், இல்லைன்னா எதை இல்லைங்கறீங்க என்று. படித்துப் பார்க்கச் சொன்னதா? சொன்னது. எல்லாரும்தான் சொல்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

எது கேட்டாலும் ஆம் அமுக்கு என்று நான் எப்போது சொன்னேன்? அப்படியெல்லாம் சொல்கிற ஆள் இல்லை நான்.

உங்களிடமா? எப்போது? புளியம்பட்டிக்கு முன்னாலா?

அது வேறே. அது காலித் தொட்டிக்குச் சொன்னது. எல்லாத் தொட்டிக்கும் அதையே அமுக்கு என்றா சொன்னேன்? அவளாக அப்படி எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

இருங்கள். நான் கூப்பிடுகிறேன்.

அடிக்கிறது.

எடுக்கவில்லை.

அவள் எத்தனை தடவை கூப்பிட்டாள்? நான் எடுக்கவில்லை, சரி. எனக்குக் காரணம் இருந்தது. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். இவளுக்கு என்ன காரணம்? எடுத்தால் என்ன? இன்னொரு தடவை அடிக்கிறேன். ... எடுக்கவில்லை. குழாயடியில் இருப்பாளோ. குழாயடிக்குப் போகமாட்டாள். நல்ல சேலையை மாற்றிக்கொண்டிருப்பாளாக இருக்கும். அல்லது அந்த அறைக்கு வெளியிலேயே உட்கார்ந்திருக்கிறாளோ என்னவோ. சாயங்காலம் வரைக்கும் ஆபீசர் இருப்பார் என்றாளே.

என்னிடம் கேட்கவே இல்லை, பாருங்கள். திரும்பி வாங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்துப் போயிட்டு வாங்க என்றாள்.

இப்படி வழியனுப்ப எங்கே கற்றாளோ. நான் போனில் சொன்னதை விசாரணையில் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். எழுதினவரே ஆம் அமுக்கச் சொன்னார் என்றால் அவளை யார் என்ன செய்ய முடியும்? வீட்டுக்காரர் சொல்ல வந்தது அதுதான். கையைப் பிடித்து அமுக்கினாள்.

முட்டாள் பெண்.

மெஹரை வேண்டுமானால் கூப்பிடலாம். நம்பர் இருக்கிறது. கூப்பிட்டால் என்ன சொல்வாள்? அவள் சொல்கிறதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. இல்லை என்பதற்கு நம்ம பாஷையில் என்று அன்றைக்கு ஏதோ ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. இப்போது அவள் முடித்தால் எனக்குத் தெரிந்ததைத்தான் முடிப்பாள்.

எந்த ஊர் இது? அன்னூரா?

"அன்னூர், அன்னூர்! பெரியவரே, காந்திபுரம்தானே உங்களுக்கு? இறங்கலைல்ல?"

பாருங்கள், இந்தக் கண்டக்டரும்!

"இறங்கறேன்."

"டிக்கெட் காந்திபுரம் எடுத்திருக்கீங்களே. இறங்க வேண்டாமில்ல?"

"இறங்கறேன்னு சொல்றேன்ல! இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் நின்னு, சத்தி பஸ் ஏறப் போறேன். போதுமா?"

"அப்படித் தெளிவாச் சொல்லிட்டா நான் எதுக்குக் கேக்கறேன்? பாத்து எறங்குங்க தாத்தா. ஹோல்டேன்! வண்டி நிக்கட்டும்!"

தாத்தாவாம்.

அந்தத் துண்டை எடுங்கள். செருப்பு எங்கே? அங்கே தள்ளிவிட்டீர்களா காலால்?

என்னமோ நான் தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் போகவில்லை. ஒரு சொல் தப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அதைத் திருத்தப் போகிறேன். அந்த வக்கீல் ஆமாவா இல்லையா என்றால் இரண்டையும் சொல்லமாட்டேன். கழுவுகிற பெட்டியில் என்ன எழுதியிருந்தது, அதற்கு முன்னால் என்ன எழுதியிருந்தது, "பால் இருக்கு, தொடாதே" என்று இருந்தது, அதை எடுத்தது யார், எல்லாவற்றையும் உட்காரவைத்துச் சொல்லப் போகிறேன். கதை வேண்டாம் என்றால் கேட்கப் போவதில்லை. போன் விஷயமும்... அது அப்போது பார்க்கலாம்.

மற்றபடி தப்பு என்மேல் இல்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தப்பு என்மேல் இல்லை.

இல்லை என்றால்...

எழுந்திருங்கள், தம்பி. வழி விடுங்கள்.